எங்கள் ஊர் தமிழ்நாட்டுக்குப் போன சனிக்கிழமை

ஒரு சனிக்கிழமை காலை பால் வாங்கப் போனபோது எங்கள் ஊர் தமிழ்நாட்டில் இருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் வரை அது கேரளத்தில்தான் இருந்தது. பாறசாலையிலிருந்து தெற்கே இறங்கும் பக்கச் சாலையில் ராஜப்பன் அண்ணனின் சாயாக்கடை, அதை ஒட்டி நூலகம், எதிரே பஸ் நிறுத்தம். எல்லாவற்றிலும் மலையாள எழுத்து. விடிந்து பார்த்தால் சாயாக்கடையின் நெற்றியில் 'ஸ்ரீ பாண்டியன் டீ ஸ்டால்'. நூலகம் கூட்டுறவுக் கடன் சங்கம் ஆகியிருந்தது. பஸ் நிறுத்தத்தின் சுவரில் ஒரு வேட்பாளர் கைகூப்பிச் சிரித்தார். அப்படி ஒரு வேட்பாளர் எந்த மாநிலத்திலும் கிடையாது. அவர் படக்குழுவின் வேன் டிரைவர்.

"வாங்கண்ணே, டீ இருக்குங்கண்ணே" என்றார் ராஜப்பன் அண்ணன். என்னைவிட நன்றாக மூத்தவர். என்னை அவர் அண்ணன் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"ராஜப்பண்ணா, எனக்க கிட்டயுமா?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பேசிப் பழகாட்டி நாளைக்கு வரண்டாம்னு படக்காரங்க பறஞ்சினும் மக்கா. உண்டுன்னு ஒரு வாக்கு வாயில வந்தா அப்பமே வெளிய."

தேதி என்னிடம் இருக்கிறது. இந்தத் தொடரில் நான் தேதி போடும்போதெல்லாம் ஆசிரியர் வெட்டிவிடுகிறார். வாசகர்களுக்குப் பரீட்சைக்குப் படிப்பது போல் இருக்கிறதாம். ஆகையால், மழை விட்டு வெயில் பிடித்த ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதத்தின் இரண்டாம் சனி. இதை மட்டும் ஆசிரியர் விட்டுவைக்க வேண்டும். கேரளத்தில் இரண்டாம் சனிக்கு அரசு அலுவலகங்கள் பூட்டிக் கிடக்கும். பின்னால் இது தேவைப்படுகிறது.

வரிக்கு ஊர் உண்டு

படம் எடுக்க வந்தவர்கள் கொச்சிக்காரர்கள். கதையோ தேனிப் பக்கத்து மேலப்பட்டி என்ற கிராமத்தில் நடப்பது. வழக்கமாக இப்படிப்பட்ட கதைக்கு மலையைத் தாண்டித் தேனிக்கே போய்விடுவார்கள். சாப்பாடு போடுகிறவர், விளக்குப் பிடிக்கிறவர், கூட்டத்தில் நிற்கிறவர் எல்லாம் அந்தப் பக்கத்து ஆட்களாக இருப்பார்கள்.

இதைத் தடுக்கக் கேரள அரசு ஒரு சலுகை அறிவித்தது. படப்பிடிப்பு முழுவதும் மாநில எல்லைக்குள் நடக்க வேண்டும். வேலைக்கு எடுப்பவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்களாக இருக்க வேண்டும். அப்படிச் செய்தால் கட்டிய வரியில் ஒரு பங்கு திரும்பி வரும்.

கம்பெனியின் தயாரிப்பு நிர்வாகி பினு என்ற இளைஞர். தேனிக்குப் போனால் தேனி கிடைக்கும், சலுகை கிடைக்காது. இங்கே இருந்தால் சலுகை கிடைக்கும், தேனியைச் செய்துகொள்ளலாம். அவர் கணக்கு அவ்வளவுதான். எல்லையை ஒட்டி ஊர் ஊராகத் தேடி எங்கள் ஊரைக் கண்டுபிடித்தார். ரப்பர் மரம் தெரியாமல் கேமரா வைக்க வேண்டும் என்பது தவிர வேறு குறை இல்லை என்றார்.

பலகைகளின் தமிழில் பிழை பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. நான் போனேன். 'டீ ஸ்டால்' என்பதை முதலில் 'தீ ஸ்டால்' என்று எழுதி வைத்திருந்தார்கள். நான் போனது நல்லதாகப் போயிற்று.

இதெல்லாம் புதிது என்று நினைக்கக் கூடாது. ஒரு காலத்தில் மலையாளப் படம் என்றால் கோடம்பாக்கத்தில் பிறப்பது. திருவனந்தபுரத்துத் தெருவில் நடக்கும் கதையைக்கூடச் சென்னையில் தெரு போட்டு எடுத்தார்கள். என் சித்தப்பா ஒருவர் அங்கே லைட்பாயாக இருந்தார். பிறகு கேரள அரசு, நம் மண்ணில் எடுத்தால் மானியம் என்று ஆசை காட்டி ஒவ்வொருவராக இழுத்தது. சித்தப்பாவும் டிரங்குப் பெட்டியோடு ரயிலேறித் திரும்பினார். திரும்பி வந்து அவர் வேலை செய்த முதல் படத்தின் கதை சென்னையில் நடப்பது. அதைத் திருவனந்தபுரத்தில் எடுத்தார்கள்.

"கதைக்கு ஊரு கெடையாது மக்கா" என்பார் சித்தப்பா, பீடியைக் கவிழ்த்துப் பிடித்தபடி. "வரிக்காக்கும் ஊரு உண்டு."

உண்டு என்று சொல்லக் கூடாது

நான் படித்த பள்ளியில் வாய் தவறித் தமிழ் வந்தால் பின்பெஞ்சிலிருந்து 'பாண்டி' என்று ஒரு குரல் வரும். விடுமுறைக்கு நாகர்கோவிலில் அத்தை வீட்டுக்குப் போனால் தெருப் பையன்கள் 'மலையாளத்தான் வந்தாச்சு' என்பார்கள். இரண்டு பட்டங்களையும் ஒரே வாயால் சம்பாதித்தவர்கள் நாங்கள்.

இப்போது அந்த வாய்க்கு வேலை கிடைத்தது. தமிழ் பேசத் தெரிந்த கூட்டம் வேண்டும் என்றார்கள். ஊரே வரிசையில் நின்றது. தனுவச்சபுரத்திலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் பஸ் பிடித்து வந்தார்கள்.

பேச்சுப் பயிற்சிக்குச் சென்னையிலிருந்து ஒருவரை வரவழைத்திருந்தார்கள். எங்கள் தமிழை முதல் தடவை கேட்டபோது அவர் கொஞ்ச நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இது மலையாளம்ங்க" என்றார். எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை காலமும் தமிழ் என்று சொல்லித்தானே கேலி செய்தார்கள்.

உண்டு என்று சொல்லக் கூடாது, இருக்கு. வாறேன் கூடாது, வர்றேன். சாயா கூடாது, டீ. ஆக்கும் என்பது எங்குமே கூடாது. படப்பிடிப்பு இடத்தில் இருக்கும்வரை, கேமரா ஓடினாலும் ஓடாவிட்டாலும், யார் வந்து எதைக் கேட்டாலும் தேனித் தமிழ்தான். மீறினால் மறுநாள் வேலை இல்லை. இந்தக் கடைசி விதிதான் எங்களைக் கவிழ்த்தது.

ஷைனியின் மெஸ்

பலகை ஏறுவதற்கு ஒரு மாதம் முன்பே ஊரின் வீடுகளுக்குள் படப்பிடிப்பு தொடங்கிவிட்டது. படக்குழுவுக்குச் சமையல் ஷைனி. பழைய மிஷன் சபைக் குடும்பம். எங்கள் ஊர் முந்திரி ஆலை மூடிய பிறகு, அங்கே வேலை பார்த்த பெண்கள் பலரும் குஜராத்துக்கு இறால் உரிக்கப் போனார்கள். ஷைனியும் போனாள். பனிக்கட்டிக்குள் கைவிட்டு உரிக்கிற வேலை. விரல் நுனிகள் மரத்துப்போய், சட்டைப் பித்தானைப் போடத் தெரியாத கைகளோடு திரும்பி வந்தாள். பித்தான் போடப் பழகியதும் இந்த மெஸ்ஸைத் தொடங்கினாள். கூட உரித்த பெண்களையே சேர்த்துக்கொண்டாள்.

பொழியூரிலிருந்து காலையில் சாளை மீன் வரும். ஷைனி குழம்பு வைத்தால் கேமராக்காரர் ஷாட்டை நடுவில் நிறுத்துவார். சலுகை உறுதியானால் அடுத்தடுத்த படங்களும் இங்கேதான், சமையலும் ஷைனிதான் என்று பினு வாக்குக் கொடுத்திருந்தார். உறுதியாகாவிட்டால் கம்பெனி இன்னொரு மாநிலத்தில் உள்ள பெரிய ஸ்டூடியோவுக்குப் போய்விடும். ஷைனி மறுபடியும் பனிக்கட்டிக்குப் போக வேண்டும்.

ஷைனிக்கு ஊரில் ஒரே எதிரி ஸ்ரீகலா. அடுத்த வீடு. பஞ்சாயத்துக்காக வீடு வீடாகப் பிளாஸ்டிக் எடுக்கும் பெண்களில் ஒருத்தி. வேலைச் சீருடையான பச்சைக் கோட்டைப் போட்டுவிட்டால் ஸ்ரீகலா மலையாளம் மட்டுமே பேசுவாள், அதுவும் அலுவலக மலையாளம். கோட்டைக் கழற்றினால் எங்கள் பேச்சு. ஷைனி காகிதத் தட்டுகளில் சோறு போடுவதாகவும் தட்டின் உட்பக்கம் பிளாஸ்டிக் ஒட்டியிருப்பதாகவும் அவளுக்குத் துப்புக் கிடைத்திருந்தது.

"எனக்க மெஸ்ஸுல பிளாஸ்டிக்கே கெடையாது ஸ்ரீகலே" என்று ஷைனி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னது என் காதில் விழுந்திருக்கிறது.

"பின்ன ஏட்டி, எனக்க நாய் நேத்து வாயில கவ்விட்டு வந்தது என்னது, உனக்க கல்யாணப் பத்திரிகையா?"

அன்றிலிருந்து எச்சில் தட்டுகள் சாக்குகளில் கட்டப்பட்டு ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்தன.

அதிகாரி இறங்கினார்

அந்த இரண்டாம் சனி அன்று, சலுகைக்காக இடத்தைச் சரிபார்க்கும் அதிகாரி வருவார் என்று யாருக்கும் தெரியாது. விடுமுறையில் வந்தால்தான் உண்மை தெரியும் என்பது அவர் கொள்கையாம். நெய்யாற்றின்கரைக்குத் தெற்கே அவர் வந்ததில்லை. காரிலிருந்து கால் வைத்தபோதே கைபேசி அந்தப் பக்கத்து டவரைப் பிடித்து, தமிழ்நாட்டுக்கு நல்வரவு என்று செய்தி போட்டது.

அவர் நிமிர்ந்து ஸ்ரீ பாண்டியன் டீ ஸ்டாலைப் பார்த்தார்.

"சேட்டா, சாயா உண்டோ?"

"டீ இருக்குங்கண்ணே" என்றார் ராஜப்பன் அண்ணன்.

"இது ஏதா ஸ்தலம்?"

ராஜப்பன் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டுவதற்குள் அவருக்குப் பயிற்சியாளர் ஞாபகம் வந்துவிட்டது. "மேலப்பட்டிங்கண்ணே. தேனி பஸ் இப்பத்தான் போச்சு."

அதிகாரி கல்லூரிப் பிள்ளைகளைக் கேட்டார். மேலப்பட்டி. குடத்தோடு நின்ற பெண்களைக் கேட்டார். மேலப்பட்டி. ஒரு குரல் பிசகவில்லை. அவர் மலையாளத்தில் கேட்கக் கேட்க, இவர்கள் வேலை போய்விடுமே என்ற பயத்தில் இன்னும் சுத்தமாகத் தேனிக்காரர்கள் ஆனார்கள். ஷாட் நடந்த இடத்தில் இருந்த பினுவுக்குச் செய்தி எட்டி அவர் ஓடி வந்தபோது, அதிகாரி இதையெல்லாம் எழுதி முடித்திருந்தார்.

பினு முதல் காரியமாக நூலகத்தின் மேல் கட்டியிருந்த பலகைத் துணியைப் பிடித்து இழுத்தார். உள்ளே மலையாள எழுத்து. அதிகாரி பக்கத்தில் போய் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இதும் நிங்ஙள் எழுதியதல்லே?"

அவரையும் குறை சொல்ல முடியாது. அண்மையில் ஒரு கம்பெனி மலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அவருக்கு ஒரு கேரளத் தபால் ஆபீசைக் காட்டியிருக்கிறது. பலகை, பெட்டி, முத்திரை, எல்லாம் சரி. கதவைத் திறந்தால் பின்னால் வயல். அதிலிருந்து அவர் பலகையை நம்புவதில்லை.

வாக்காளர் அட்டைகளைக் காட்டினோம். ஆட்கள் கேரளத்தவர்கள்தான், வண்டியில் ஏற்றி எங்கே வேண்டுமானாலும் இறக்கலாமே என்றார். கைபேசி வரைபடத்தைக் காட்டினோம். நீலப்புள்ளி எல்லைக் கோட்டின் இருபக்கமும் தவளை போல் குதித்தது. வில்லேஜ் ஆபீசரைக் கூப்பிடலாம் என்றால் இரண்டாம் சனி.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். மொழிவாரி மாநிலம் பிரிந்த ஆண்டில் தொடங்கி, அதற்கு முந்திய சமஸ்தானத்துக்குப் போய், எல்லைக்கல் நட்ட கதைக்கு வந்து சேர்ந்தேன். அதிகாரி கொட்டாவியை வாய்க்குள்ளேயே கடித்தார். "கல்லைக் காட்டுங்கள்" என்றார்.

எல்லோரும் நடந்தோம். கல் இருந்தது. ஆனால் கலை இயக்குநரின் ஆட்கள் அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டு, மேலப்பட்டியின் காவல் தெய்வம் ஆக்கியிருந்தார்கள். முன்னால் ஒரு விளக்கும் எரிந்தது. அதைப் படக்குழு ஏற்றவில்லை, ஊரில் யாரோ நிஜமாகவே ஏற்றியிருக்கிறார்கள். அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். திரும்பி வந்துவிட்டோம்.

நானும் மனதுக்குள் சான்று தேடிப் பார்த்தேன். சிவப்பரிசிச் சோறா? களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும் அதே சோறு. மரச்சீனிக் கிழங்கும் சாளையுமா? அங்கேயும் உண்டு. பேச்சா? அங்கேயும் இதே பேச்சு. இத்தனை வருடம் ஊரைப் பற்றி எழுதி வந்தவனுக்கு, ஊர் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று காட்ட ஒரு பொருள் அகப்படவில்லை.

மாலையில் அறிக்கை போகும், இடம் எல்லைக்கு வெளியே என்று எழுதப்போகிறேன் என்றார் அதிகாரி. பினு கொச்சிக்குப் பேசினார். அங்கிருந்து வந்த பதில் அவர் முகத்திலேயே தெரிந்தது. சாமான்களைக் கட்டச் சொல்லிவிட்டார்கள்.

ஷைனி கரண்டியோடு வந்து அதிகாரியின் முன்னால் நின்றாள். "சாரே, நான் பெறந்தது இஞ்ச. பள்ளிக்கூடம் போனது இஞ்ச. இது கேரளம் ஆக்கும்."

"நிங்ஙள் இப்போள் பறஞ்ஞது தமிழல்லே?" என்றார் அவர், கொஞ்சம் இரக்கத்தோடு.

இது கேரளம் என்பதைத் தமிழில் சொல்லிவிட்டாள். கரண்டியோடு அடுப்புக்குத் திரும்பினாள்.

பச்சைக் கோட்டு

சாப்பாடு வேண்டாம் என்று மறுத்த அதிகாரி, ராஜப்பன் அண்ணனின் டீயை மட்டும் காகிதக் கோப்பையில் வாங்கினார். நின்றுகொண்டே குடித்தார். காரை நோக்கி நடந்தபடி கோப்பையை ஓடைக்குள் எறிந்தார்.

"சாரே, ஒந்நு நிக்கணும்."

பஸ் நிறுத்தத்தின் பின்னாலிருந்து பச்சைக் கோட்டோடு ஸ்ரீகலா வந்தாள். கைபேசியில் படம் எடுத்து முடித்திருந்தாள்.

"ஆ கப்பு எடுக்கணும்" என்றாள்.

அதிகாரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. "ஞான் ஆராணெந்நு அறியாமோ?" நான் யார் என்று தெரியுமா என்று கேட்டார்.

"அறியாம். கப்பு எறிஞ்ஞ ஆளு."

"இது தமிழ்நாடல்லே? இவிடெ நினக்கு எந்தா காரியம்?"

ஸ்ரீகலா அந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரித்த சிரிப்பை எழுத்தில் கொண்டுவர முடியாது. இந்த வார்டில் தான் ஏறி இறங்காத படி இல்லை என்றாள். தமிழ்நாடு வேண்டுமென்றால் சார் வண்டியில் ஏறி அப்படியே நேராகப் போகலாம், ஆனால் போட்டோ பஞ்சாயத்துக்குப் போகும், கேரளத்தில் குப்பை போட்ட சர்க்கார் உத்தியோகஸ்தர் என்று.

அதிகாரி பினுவின் பக்கம் திரும்பினார். "இவளும் நிங்ஙளுடெ நடியாணோ?"

நடிகை என்று சொன்னது ஸ்ரீகலாவுக்குப் பொறுக்கவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டே எங்கள் பேச்சுக்கு இறங்கிவிட்டாள். "ஆரு நடிக்கிறது? நானா? இஞ்ச நிக்கிற ஒவ்வொருத்தனும் ஒரு மாசமா நடிக்கியான். ராஜப்பண்ணன் நடிக்காரு, கல்லு சாமியா நடிக்குது. எனக்கு மட்டுமாக்கும் ஊருல ஜோலி உள்ளது."

அதோடு நிற்கவில்லை. நேராக ஜெனரேட்டர் வண்டியின் பின்னால் போனாள். ஷைனி குறுக்கே வந்து நின்று பார்த்தாள், முடியவில்லை. சாக்குகள் ஒவ்வொன்றாக நடுச்சாலைக்கு உருண்டு வந்தன. ஒரு சாக்கு அவிழ்ந்து எச்சில் தட்டுகள் மேலப்பட்டி முழுவதும் பரவின. இதை ஒதுக்காமல் கேமராவைத் தொட்டால் படப்பிடிப்பையே நிறுத்துவேன் என்று பினுவைப் பார்த்து விரலை நீட்டினாள். பினு கேமராக்காரரைப் பார்த்தார். கேமராக்காரர் கேமராவிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

அதிகாரி இவ்வளவையும் பார்த்துக்கொண்டு நின்றார். எந்தத் தயாரிப்பாளரும் தன் செலவில், தன் படத்தையே நிறுத்த ஆள் வைத்து நடிக்கச் சொல்ல மாட்டார். அது அவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டினார். ஓடைக்குள் இறங்கினார். கோப்பையை எடுத்துக்கொண்டு, வழுக்கி, ராஜப்பன் அண்ணன் நீட்டிய கையைப் பிடித்து மேலே வந்தார்.

கோப்பையை ஸ்ரீகலாவின் சாக்கில் போட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்.

"இது கேரளம் தந்நெ" என்றார்.

ராஜப்பன் அண்ணனுக்கு உணர்ச்சி தாங்கவில்லை. பயிற்சியாளர் பக்கத்தில் நிற்பதையும் மறந்துவிட்டார். "சாரே, இன்னொரு சாயா உண்டு. கண்ணாடி கிளாஸ்ல."

ஸ்டீல் தட்டு

அறிக்கை சரியாகவே போனது. சலுகையும் வந்தது. பலகைகளை இறக்கியபோது அவை பிளாஸ்டிக் துணி என்று தெரிந்து ஸ்ரீகலா சுருட்டி எடுத்துப் போனாள். ஆக, தமிழ்நாடு எங்கள் ஊரைவிட்டு இரண்டு சாக்குகளில் வெளியேறியது. எல்லைக்கல்லுக்கு மட்டும் யாரோ இன்னும் விளக்கு வைக்கிறார்கள்.

ஷைனி பஞ்சாயத்து போட்ட அபராதத்தை முணுமுணுக்காமல் கட்டினாள். தட்டுகளையெல்லாம் ஸ்டீலுக்கு மாற்றினாள். ஸ்ரீகலாவை மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டாள். இருவரும் சமாதானம் ஆனார்கள் என்று எழுத மாட்டேன். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்தால்தான் சோறு என்று ஷைனி நிபந்தனை போட்டிருந்தாள்.

அப்படி ஒரு மத்தியானம், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பினு வந்து அடுத்த படத்தைச் சொன்னார். கதை இமயமலையில் நடக்கிறது. எடுக்கப்போவது ஒற்றசேகரமங்கலத்துக் குன்றுகளில். எல்லைக்குள்தான், இந்தத் தடவை ஒரு அதிகாரியாலும் தடுக்க முடியாது.

"இமயமலைன்னா பனி வேண்டாமா?" என்று கேட்டேன்.

"அது பிரச்சினை இல்லை சார். குன்று முழுக்கத் தெர்மோகோல் உருண்டை. லாரி லாரியாக வரும்."

ஸ்ரீகலாவின் கை சோற்றில் அப்படியே நின்றது. மெதுவாக நிமிர்ந்து, கொடியில் தொங்கிய பச்சைக் கோட்டைப் பார்த்தாள்.

ஷைனி அடுப்படியிலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சட்டியோடு வந்து, இருந்ததில் பெரிய பொரித்த மீனாகப் பார்த்து எடுத்து, ஸ்ரீகலாவின் ஸ்டீல் தட்டில் வைத்தாள்.

"தின்னு மக்கா" என்றாள். "இன்னும் உண்டு."